லாபம், ரெண்டு, மூணு

காலை ஆறு மணிக்கு அடித்த சீட்டில் எட்டு ரூமுக்கும் மூன்று மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒவ்வொரு ரூமின் பேருக்குக் கீழேயும் முதல் வரி வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது வரியிலிருந்துதான் பெயர்கள் ஆரம்பித்தன. ஆர்த்தி முதலில் பிரிண்டரைச் சந்தேகப்பட்டாள். ரிப்பன் தேய்ந்த பழைய பிரிண்டர் அது. கரகரவென்று ஊரைக் கூட்டிவிட்டுப் பாதி எழுத்தை முழுங்குவது அதற்குப் பழக்கம். ஆனால் முழுங்கினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முழுங்கும். எட்டு இடத்தில் ஒரே மாதிரி முழுங்காது.

வேனில் வந்து இறங்கியவர்கள் முப்பத்தொரு பேர். ரூமுக்கு நாலு பேர், அதற்கு மேல் ஒரு ஆள்கூட உட்காரக் கூடாது என்று ஒவ்வொரு ரூம் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. நாலெட்டு முப்பத்திரண்டு. வந்த அத்தனை பேருக்கும் இடம் உண்டு. சீட்டு மட்டும் இருபத்துநாலு பேரோடு நின்றுவிட்டது. மிச்சம் ஏழு பேரும் தூக்குவாளியைக் கையில் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள்.

போர்மேன் ஜெயபாண்டி இருபது வருஷமாக வெடிமருந்தோடு புழங்குகிறவர். லேசில் முகம் மாறாத ஆள். சீட்டை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"பாப்பா, எல்லா ரூமுக்குமா விட்டிருக்கீக?"

புரோகிராமில் சின்னத் தப்பு, மத்தியானத்துக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று ஆர்த்தி சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டிவிட்டுப் போனார். ஆபீஸ் ஜன்னலில் நின்றால் எட்டு ரூமும் தெரியும். கரிசல் காட்டில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய ஒற்றை ரூம்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பேர் நுழைந்ததும், அதில் ஒருத்தி ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்துக் கிழக்கு வாசல் ஓரமாகப் போட்டாள். எட்டு ரூமிலும் போட்டார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. அதைத் தாண்டியும் போகவில்லை. ஓரமாகச் சுற்றிப் போனார்கள்.

ஆர்த்திக்கு அது பிடிக்கவில்லை. ஏனென்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

ஆலை அவளுடைய சித்தப்பா லட்சுமிகாந்தத்தினுடையது. கோயம்புத்தூரில் நாலு வருஷம் பார்த்த கம்ப்யூட்டர் வேலை போய், அடுத்தது கிடைக்கிற வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று அவர்தான் தாயில்பட்டிக்கு வெளியே இருக்கும் இந்த ஆலைக்குக் கூட்டிவந்து உட்கார்த்தினார். கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். கறுப்புத் திரையில் 'ஆள்போடு' என்று அடித்து என்டரைத் தட்டினால், வந்தவர்களை ரூம் ரூமாகப் பிரித்துச் சீட்டு அடிக்கிற ஒரு புரோகிராம் அங்கே இருந்தது. ஆலையில் ஆள் கணக்குப் பார்த்த தங்கச்சாமி என்பவர் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் புத்தகத்தைப் பார்த்துத் தானாகவே எழுதியது. இரண்டு வருஷம் முன்பு அவர் கோவில்பட்டிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார். அவருக்குப் பிறகு அதைத் தொட ஆள் இல்லை. தினமும் ஏதாவது ஒரு ரூமில் ஒரு ஆள் குறைகிறது, அதை என்னவென்று பார் என்றார் சித்தப்பா.

திறந்து பார்த்தவளுக்குத் தலை சுற்றியது. உச்சியிலேயே நாற்பத்தொரு குளோபல் வேரியபிள், அதாவது மதிப்பைப் போட்டுவைக்கிற பெயர்கள். குளோபல் என்றால் நடுமுற்றத்தில் வைத்த தண்ணீர்க் குடம் மாதிரி. வீட்டில் யார் வேண்டுமானாலும் மொள்ளலாம். யார் மொண்டார்கள், யார் எச்சில் பண்ணினார்கள் என்று கடைசிவரை தெரியாது. லோக்கல் என்றால் அவரவர் அடுப்படியில் அவரவர் குடம். புரோகிராமின் ஒரு பகுதியைக் கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அதற்கென்று புதிதாக ஒன்று பிறக்கும். வேலை முடிந்தால் அந்தப் பகுதி கூப்பிட்ட இடத்துக்கே திரும்பி வரும், குடத்தின் கதையும் அதோடு முடிந்தது. தேவையில்லாத குளோபல்களை ஒழித்துக்கட்டுவது என்றால் ஆர்த்திக்குப் பரண் சுத்தம் பண்ணுகிற சந்தோஷம். பத்து நாளில் நாற்பதை இறக்கி, அதது இருக்கவேண்டிய இடத்தில் வைத்துவிட்டாள்.

கடைசியாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. அதன் பெயர் லாபம். அதன் மதிப்பு ஒன்று.

ஆள் கணக்கில் லாபத்துக்கு என்ன வேலை என்று அவளுக்குப் புரியவே இல்லை. முதலில் ஆள் போடுகிற ரூம் அதை எடுத்துக்கொள்ளும், உடனே அது பூஜ்யமாகிவிடும். எடுத்துக்கொண்ட ரூமில் ஒரு இடம் காலியாக நிற்கும். முதல் ரூம் எது என்பது தினமும் மாறிக்கொண்டே வரும். ஆக, தினம் ஒரு ரூமில் ஒரு ஆள் குறைவதற்குக் காரணம் இதுதான். நேற்றுச் சாயங்காலம் அவள் அதையும் உச்சியிலிருந்து எடுத்து, ரூமுக்கு ஆள் போடும் பகுதிக்குள்ளே கொண்டுபோய் வைத்தாள். அங்கே ரூமுக்கு ரூம் புதிதாகப் பிறந்துவிட்டது. எட்டு ரூம், எட்டு லாபம். அவ்வளவுதான் விஷயம். இப்போது தெரிந்ததும் அவள் தன்னையே திட்டிக்கொண்டு, அந்த வரியைச் சுத்தமாக அழித்தாள். நாளைக்கு உண்டான சீட்டை அடித்துப் பார்த்தாள். ஏழு ரூமில் நாலு நாலு பேர், எட்டாவதில் மூன்று. வெறும் வரி எங்கேயும் இல்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

பதினோரு மணிக்கெல்லாம் ஜெயபாண்டி வேலையை நிறுத்திவிட்டார். சீசன் நேரத்தில் எந்த ஆலையும் பதினோரு மணிக்கு நிற்காது. கேட்டதற்கு, இன்றைக்குப் போதும் என்று மட்டும் சொன்னார். கை கழுவும் தொட்டியடியில் எப்போதும் சிரிப்பும் சண்டையுமாகக் கிடக்கும். அன்றைக்குத் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நாகஜோதி மட்டும் ஆபீசுக்கு வந்தாள். அஞ்சாம் நம்பர் ரூமில் குழாய்க்கு மருந்து அடைக்கிறவள். இருபத்திரண்டு வயசு, வீட்டில் நடை பழகுகிற பெண் குழந்தை. இந்தப் பத்து நாளில் ஆர்த்தியிடம் பயமில்லாமல் பேசிச் சிரித்தது அவள் ஒருத்திதான். மடியில் கொய்யாப்பழம் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். இன்றைக்கும் ஒன்று வைத்தாள். எவ்வளவு கழுவியும் போகாத அலுமினியப் பவுடர் அவள் நகக்கண்ணில் வெள்ளியாக மின்னியது.

"நாளைக்கு எங்க ரூம்ல எம்புட்டு பேருக்கா?"

"நாலு பேரு. எட்டாம் ரூம் தவிர எல்லாத்துலயும் நாலு. அந்தக் காலி எடத்த எடுத்துட்டேன், இனிமே வராது."

நாகஜோதியின் கை மேஜைமேல் அப்படியே நின்றது. ஜன்னல் வழியாக ரூம்களைப் பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"அப்ப அது எங்கன உக்காரும்?"

எது என்று ஆர்த்தி கேட்பதற்குள் வெளியே வேன் ஹாரன் அடித்தது. நாகஜோதி ஓடிவிட்டாள்.

வேன் சத்தம் ரோட்டில் கரைந்த பிறகு ஆலையில் ஆர்த்தி மட்டும்தான். சித்தப்பா ஆர்டர் விஷயமாகச் சிவகாசிக்குப் போயிருந்தார். வாட்ச்மேன் இருக்கிற கேட், வேப்பமரத்தையும் தாண்டி இருநூறு முந்நூறு அடி தள்ளி இருந்தது. உச்சி வெயில் நிழலையெல்லாம் சுவரோடு ஒட்டித் தின்றுவிட்டது. காற்று அசையவில்லை. கந்தகமும் காய்ந்த பசையும் கலந்த அந்த ஆலை வாசனை மட்டும் வழக்கத்தைவிடக் கனமாக, மூக்குக்குப் பக்கத்திலேயே யாரோ வந்து நிற்கிற மாதிரி நின்றது. மின்விசிறி சுற்றியும் கழுத்தில் வேர்வை நிற்கவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொப். டொப். டொப். காகிதக் குழாய்க்குள் மருந்தை இறுக்கக் கட்டையால் தட்டுகிற சத்தம். காலையிலிருந்து கேட்டுக் காதுக்குப் பழகிய சத்தம்தான் என்பதால், அதைக் கேட்டுக்கொண்டே அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்தாள். பிறகுதான் உறைத்தது. எல்லாரும் போயாயிற்று.

ஜன்னலுக்குப் போனாள். எட்டு ரூமின் கதவுகளும் சாத்தியிருந்தன. சத்தம் அஞ்சாம் நம்பரிலிருந்து வந்தது. அது நின்றது. இரண்டாம் நம்பரில் தொடங்கியது. பிறகு ஏழில். பிறகு எல்லாவற்றிலும் சேர்ந்து, ஒரே கை தட்டுகிற மாதிரி ஒரே தாளத்தில் கேட்டது. ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. சித்தப்பாவும் எடுக்கவில்லை. மேஜைக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருந்த காகிதத்தில் தங்கச்சாமியின் நம்பர் இருந்தது. அவர் முதல் மணியிலேயே எடுத்தார்.

புரோகிராமைப் பற்றி என்றதும் அவர் வேறெதையும் விசாரிக்கவில்லை. லாபத்தைத் தொட்டீகளா என்றுதான் கேட்டார். தொட்டதாகச் சொன்னாள். அது ஏதோ வருமானக் கணக்கு என்று நினைத்தேன் அண்ணாச்சி என்றாள்.

பிறகு அவர் சொன்னார். ஆலைக்கு வருவதற்கு முன் அவர் விருதுநகரில் மிளகாய் வத்தல் கடையில் படி அளந்தவர். அங்கே அளக்கிறவன் ஒன்று என்று ஆரம்பிக்க மாட்டான். முதல் படியை லாபம் என்பான், அப்புறம்தான் ரெண்டு, மூணு. சின்ன வயசில் தாத்தா கடையில் கேட்ட அந்த ராகம் ஆர்த்தியின் காதுக்குள் எங்கிருந்தோ எழுந்து வந்தது. அந்தப் பழக்கத்திலேதான் அவர் இங்கே ஆட்களையும் எண்ணினார். ஒரு தீபாவளி சீசனில், வெளி ஜில்லாவிலிருந்து புதிதாக வந்திருந்த கிளார்க் சீட்டு எழுத, இவர் அஞ்சாம் ரூம் ஆட்களை ஒவ்வொருவராகத் தலையைத் தொட்டு எண்ணினார். லாபம், ரெண்டு, மூணு, நாலு. கிளார்க்குக்கு லாபம் என்பது ஏதோ மங்கலத்துக்குச் சொல்கிற வார்த்தையாகப் பட்டது. ரெண்டிலிருந்து எழுதினான். மூன்று பேர்தான் வந்தது. ஒரு ஆள் குறைகிறதே என்று இன்னொருத்தியை உள்ளே அனுப்பினான். நாலு பேர் ரூமில் ஐந்து பேர் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஆள் இடித்துக்கொண்டுதான் வேலை பார்த்திருப்பார்கள். பத்து மணிக்கு அந்த ரூம் வெடித்தது.

"சீட்டுல நாலு பேரு. நாலு பேரையும் எடுத்தாச்சு. கணக்கு சரியாயிருச்சுன்னு தேடுறத நிறுத்திட்டாக. அஞ்சாவதா ஒரு ஆளு கெடந்தது எட்டு நாளு கழிச்சுத்தான் தெரிஞ்சது பாப்பா. பாலம்மாள்னு பேரு. கேட்டு வர நாதியில்ல. நான்தான் தலையில கை வச்சு லாபம்னு எண்ணுனேன். அந்தம்மாதான் லாபம்."

அதன் பிறகு எந்த ரூமில் நாலு பேரை உட்காரவைத்தாலும் ஐந்தாவதாக ஒரு ஆள் இடிப்பது தெரிந்தது. தோளில் தோள் படும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள். இரண்டு தடவை தீப்பொறி கிளம்பி, கடவுள் புண்ணியத்தில் அணைந்தது. அதனால்தான் அவர் புரோகிராமில் அவளுக்கு ஒரு இடம் போட்டார். தினம் ஒரு ரூம், முதல் வரி, பெயரில்லாமல்.

"அதான் மேல வச்சேன். மேல இருந்தா ஒரே ஆளு. உள்ள வச்சா ரூமுக்கு ஒரு ஆளு ஆயிரும்லா."

இன்று காலை எட்டு லாபம் ஆகிவிட்டது, இப்போது அடியோடு எடுத்துவிட்டேன் என்று ஆர்த்தி ஒரே மூச்சில் சொன்னாள்.

"எடுத்துட்டா எண்ணாம விட்டதா ஆயிரும். ஒரு தரம் எண்ணாம விட்டோம்லா. உக்காந்த ஆளு எந்திரிக்காது பாப்பா, எடம் இல்லன்னாலும் உக்காரும்." "மொதல்ல அத மேல வையுங்க. வச்சிட்டு வெளிய வந்துருங்க. அங்கன இருக்காதீக."

போனை வைத்தாள். நாளைக் காலை ஆறு மணிக்கு ஏழு ரூமில் நாலு நாலு பேர். கூட ஒரு ஆள். அஞ்சாம் ரூமில் நாகஜோதி. அவளுடைய நகக்கண்ணும், மேஜைமேல் இருக்கிற கொய்யாப்பழமும், அவள் சொன்ன குழந்தைக் கதைகளும் ஒன்றாகச் சேர்ந்து ஆர்த்தியின் கண்முன் வந்தன. எழுந்து ஓடிவிடத்தான் உடம்பு சொல்லியது. ஆனால் இதை இப்படியே விட்டு ஓடினால் நாளைக்கு ஒருத்தரும் மிஞ்ச மாட்டார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒரு எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுந்தது. அழித்தாள். மறுபடியும் அடித்தாள். வெளியே தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு குரல். பெண் குரல், வயசான குரல், தொண்டையில் தூசி அடைத்த குரல். ஒரு ரூமிலிருந்து வந்தது.

லாபம்.

அடுத்த ரூமிலிருந்து அதே குரல். லாபம்.

அதற்கடுத்த ரூம். லாபம். ஒன்று ஒன்றாக எட்டு ரூமும். எதுவும் ரெண்டுக்குப் போகவில்லை.

ஆர்த்தி வாய்விட்டு அழுதுகொண்டே அந்த வரியை உச்சியில், பழைய இடத்தில், எழுதினாள். லாபம், மதிப்பு ஒன்று. ரூம் எடுத்துக்கொண்டதும் பூஜ்யம். ஆள்போடு. என்டர். பிரிண்டர் கரகரவென்று இரைந்தது. ஒண்ணாம் நம்பர் ரூமில் முதல் வரி வெறுமை, கீழே மூன்று பேர். மற்ற எல்லா ரூமிலும் நாலு நாலு பேர். அஞ்சாம் ரூமில் நாகஜோதி, இன்னும் மூன்று பேர், அவ்வளவுதான். முப்பத்தொரு பேருக்கும் இடம். அவளுக்கும் இடம். அதைப் போட்டோ எடுத்து ஜெயபாண்டிக்கு அனுப்பினாள். பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழுந்தது. குரல்கள் நின்றன.

நின்றுவிட்டன. நாகஜோதி பிழைத்தாள். ஆர்த்தி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையைத் தோளில் மாட்டினாள். கொய்யாப்பழத்தை எடுத்தாள். அப்போதுதான் அவள் கை நின்றது.

காலையில் வந்தது எட்டு. இப்போது இடம் கொடுத்தது ஒன்றுக்கு.

மிச்சம் ஏழு.

ஜன்னலைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். ஒண்ணாம் நம்பர் கதவு சாத்தியபடி இருந்தது. மற்ற ஏழும் திறந்து கிடந்தன. வேப்பமரத்தடியில் ஏழு பேர் நின்றார்கள். காலையில் அந்த ஏழு பேர் நின்ற மாதிரியே வரிசையாக, கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. ஒரே உயரம். ஒரே சேலை. ஒரே ஆள். வெயிலில் அவர்கள் மட்டும் வெள்ளியாக மின்னினார்கள், தலையிலிருந்து கால்வரை, முகம் இருக்கவேண்டிய இடமும்.

வேலை முடிந்தது. வேலை முடிந்தால் கூப்பிட்ட இடத்துக்கே திரும்பி வரும். அவளுக்குத் தெரிந்த விதிதான்.

கூப்பிட்டது அவள்.

இருக்கிறது ஒரே வாசல். வாசலுக்கு நேரே வேப்பமரம். ஜன்னலுக்குக் கம்பி. வாட்ச்மேனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மரத்தடியில் இப்போது ஆறு பேர் இருந்தார்கள். கண் சிமிட்டினாள். நாலு பேர். கந்தக வாசனை அறை முழுக்க நிறைந்தது. வாசற்படியில் வெறுங்கால் வைக்கிற சத்தம். சிமெண்டுத் தரையில் வெள்ளித் தூசியில் ஒரு பாதம் பதிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

மரத்தடியில் யாரும் இல்லை.

மின்விசிறி நின்றது. அவள் தோளில் ஒரு தோள் பட்டது. மறுபக்கத் தோளிலும் பட்டது. முதுகில் இடித்தது. முழங்காலில் இடித்தது. இடமில்லாத இடத்தில் நெருக்கிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக உட்காருகிற உடம்புகள். அவள் தலையைத் திருப்பவில்லை. கொய்யாப்பழம் கையிலிருந்து நழுவி விழுந்தது. தரையைத் தொடவில்லை.

பிரிண்டர் தானாக ஓட ஆரம்பித்தது. நிதானமாக, ஒரு எழுத்தைக்கூட முழுங்காமல். சீட்டு அவள் கண்ணுக்கு எதிரே மெல்ல மேலே ஏறியது. ஆபீஸ் ரூம். ஆட்கள் எட்டு. இரண்டாவது வரியில் பாலம்மாள். மூன்றாவதில் பாலம்மாள். நாலாவதில், ஐந்தாவதில், எட்டாவது வரி வரைக்கும் பாலம்மாள்.

முதல் வரியில் ஒன்றும் இல்லை.

உச்சந்தலையில் ஒரு கை வந்து படிந்தது. சில்லென்று, கனமாக, தூசியும் மணலுமாக.

"லாபம்" என்றது அந்தக் குரல்.

"ரெண்டு."